அம்மாவின் சாவுக்கு ஒதுக்கிய இருபத்தாறு நாள்

1

என் அம்மா சாகும்போது ஊருக்குப் போவதற்கென்று இருபத்தாறு நாள் விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இன்றைக்கும் காப்பிப் பழம் பறிக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் என்னைவிட வேகமாக மேடு ஏறுகிறாள். இருந்தாலும் சேர்த்து வைத்திருந்தேன். வெளிநாட்டுக்கு வந்தவன் வேறு எதைச் சேர்க்கிறானோ இல்லையோ, இதைச் சேர்க்காமல் இருக்கமாட்டான்.

நான் இருப்பது அயர்லாந்தின் தெற்கே, ஆட்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில். பால் பவுடர் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு வெள்ளை அங்கி, தலைக்கு ஒரு வலை, தாடிக்கு ஒரு வலை. எனக்குத் தாடி சரியாக முளைப்பதில்லை என்பதை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. பவுடரில் ஈரம் எவ்வளவு என்று நாள் முழுக்கப் பார்க்கிறேன். வெளியே மழை. ஏற்காட்டு மழை கொட்டித் தீர்த்துவிட்டு ஒரு டீ குடிக்கவாவது போகும். இந்த மழைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஜனவரிக் கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மார்ச் முடிவதற்குள் எடுக்காத விடுப்பில் ஐந்து நாள் போக மற்றதெல்லாம் அழிந்துவிடும். முன்பிருந்த மேலாளர் இதையெல்லாம் கண்டுகொள்ளமாட்டார். புதிதாக வந்திருக்கும் மென்பொருளுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. ‘விடுப்பை எடுக்காமல் வைத்திருப்பதற்கு ஏதேனும் காரணம் உண்டா?’ என்று கேட்டு, கீழே ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். பூர்த்தி செய்வது கட்டாயமில்லை என்றும் எழுதியிருந்தது.

என்னுடைய வியாதியே இதில்தான் இருக்கிறது. எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் முதன்முதலில் பேனா பிடித்தவன் நான். ஆறாம் வகுப்பிலிருந்தே ரேஷன் கார்டு, பேங்க், பென்ஷன் என்று அத்தனை பேருக்கும் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தாளைத் திருப்பி வீசுவார். அதனால் காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை நமநமக்கும். போதாக்குறைக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் பொய் எழுதாதே என்று வேறு சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

‘என் தாயாரின் மரணத்துக்காக’ என்று எழுதி அனுப்பிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

2

கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது. பணியாளர் பிரிவில் கிளேர் என்று ஒரு பெண்மணி. மேசையில் தேநீர் ஊற்றி, பக்கத்தில் கண் துடைக்கும் காகிதப் பெட்டியையும் திறந்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“கேள்விப்பட்டு மிகவும் வருந்துகிறேன். எப்போது நடந்தது?”

“இன்னும் நடக்கவில்லை.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மருத்துவர்கள் எவ்வளவு காலம் சொல்லியிருக்கிறார்கள்?”

“அவர் மருத்துவரிடம் போவதே அபூர்வம்.”

“என்ன நோய் என்று நான் கேட்கலாமா?”

“கொஞ்சம் ரத்த அழுத்தம். நேற்றுக்கூட பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டிருக்கிறார். கண்டக்டர்தான் இறங்கிப் போனாராம்.”

கிளேர் காகிதப் பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெற்றோர் இறந்தால் அதற்குத் தனியாக மூன்று நாள் தருவோம், சொந்த விடுப்பு எதற்கு என்று விளக்கினார். நான் ஒரு தாளை வாங்கிப் படம் போட்டுக் காட்டினேன். இங்கிருந்து டப்ளின், அங்கிருந்து வளைகுடா, அங்கிருந்து பெங்களூர், பிறகு சேலத்துக்கு பஸ், பிறகு மலைக்கு பஸ், பிறகு செம்மநத்தத்துக்கு மினி பஸ். “நீங்கள் தரும் மூன்றாம் நாள் முடியும்போது நான் சேலம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பேன்” என்றேன்.

அவர் படத்தை வெகு நேரம் பார்த்தார். “ஊருக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?”

“நான்கு வருடம் முன்னால். அப்பா இறந்தபோது.”

“அதற்குப் பிறகு?”

“சேர்த்துக்கொண்டிருந்தேன்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ஒவ்வொரு வருடமும் எத்தனை நாளைத் தள்ளி வைக்க முடியுமோ அத்தனையையும் தள்ளி வைத்தேன், முடியாததை ஒன்றிரண்டாக எடுத்து அறையில் துணி துவைத்தேன் என்றும் சொன்னேன்.

கிளேர் எனக்கென்று ஊற்றி வைத்திருந்த தேநீரை எடுத்துத் தானே குடித்தார்.

3

அப்பா போனபோது நான் இங்கே வந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. களத்தில் காப்பிக்கொட்டை கிளறிக்கொண்டிருந்தவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எனக்கு விடுப்பு எதுவும் சேர்ந்திருக்கவில்லை. கெஞ்சி, கையெழுத்து வாங்கி, டிக்கெட் தேடி, குப்பனூர் வழியாக மலை ஏறி நான் போய்ச் சேர்ந்தது நான்காம் நாள். கல்லறை மண் அதற்குள் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அப்பாவின் முகத்தைப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் போனில்தான் பார்த்தேன்.

படத்தில் அப்பா போட்டிருந்தது நான் எடுத்துக் கொடுத்த சட்டை. விமானம் ஏறுவதற்கு முன்னால் சேலத்தில் அம்மாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டும், அப்பாவுக்குச் சந்தன நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டையும் வாங்கியிருந்தேன். கிறிஸ்துமசுக்குப் போடுங்கள் என்றதற்கு அப்பா, “கிறிஸ்துமசு வருசா வருசம் வருது சாமி. உங் கல்யாணத்துக்குப் போட்டுக்கறேன்” என்று பெட்டிக்குள் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். தட்டில் ஒட்டிய காகிதத்தைக்கூடக் கிழிக்கமாட்டோம். நல்ல நாள் என்று ஒன்று வரும், அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

செல்வி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்: “குண்டூசி அத்தனையும் நாந்தான் புடுங்குனேன் கண்ணு. காலருக்குள்ள அட்ட வெச்சிருப்பான்னு ஆருக்குத் தெரியும்? அப்படியே போட்டு உட்டுட்டாங்க. பொறவு பாத்தா, உங்கப்பா கழுத்து போலீஸ்காரராட்டம் நிமுந்து நிக்குது!”

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரைட்டர் முன்னால ஒரு நாளு அந்தக் கழுத்து நிமுந்ததில்ல. போறப்பவாச்சும் நிமுந்துச்சே.”

அந்த அட்டையை என்னால் மறக்க முடியவில்லை. புதுச் சட்டையை அன்றைக்கே போட்டுவிட வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நான் கற்றிருக்க வேண்டியது. நான் கற்றது வேறு. அடுத்த சாவுக்கு நேரத்தோடு போக வேண்டும், அதற்கு விடுப்பைச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி நான்.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு குமரேசன் அண்ணன் வீட்டில். நாமக்கல் பக்கத்திலிருந்து இங்கே வேறொரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். மனைவி திலகா அக்கா, ஆறு வயதில் யாழினி. கிளேர் தேநீரைக் குடித்த கதையைச் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

குமரேசன் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். “எங்கிட்ட பதினெட்டு நாள் இருக்குதுப்பா. எங்கப்பாவுக்கு.”

“எங்கிட்ட பதினொண்ணு. எங்கம்மாவுக்கு” என்றார் திலகா அக்கா. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. “அதென்னங்க? உங்கப்பாவுக்குப் பதினெட்டு, எங்கம்மாவுக்குப் பதினொண்ணா?”

“உன்னோட லீவ நீதான சேக்கணும்? நான் என்ன பண்ணுவேன்?”

“கொழந்தைக்குக் காய்ச்சல்னா ஆரு லீவு போடறது? நீங்களா போடறீங்க? எங்கம்மாவோட நாளுல கைய வெச்சுத்தான இந்த ஊட்டுல எல்லாமே நடக்குது!”

சண்டை சூடு பிடித்தது. நடுவில் யாழினி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுடைய தமிழ் இப்போதெல்லாம் ஐரிஷ் மழையில் நனைந்துதான் வெளியே வருகிறது.

“அப்பா, தாத்தா சம்மர் ஹாலிடேஸ்ல செத்துப் போவாரா?”

“யாழினி! என்ன பேச்சு இது?”

“ஸ்கூல் இருக்கும்போது செத்தா நான் எப்படிப் போறது? தாத்தா வீட்டில் ஆட்டுக்குட்டி இருக்கே. நான் அதைப் பார்க்கணுமே.”

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஊர் என்பது யாராவது செத்தால் திறக்கும் இடம் என்று அவளுக்கு நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். தாத்தா அவளுக்குப் போன் அகலத்தில் ஒரு முகம்.

“சாம்பார ஊத்து” என்றார் குமரேசன் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

5

மறுநாள் காலை இடைவேளையில் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் மூன்றரை. செல்வி அக்காதான் போனைப் பிடித்திருந்தார். அம்மாவின் நெற்றியும் களத்தில் காயும் காப்பியும் தெரிந்தன.

“அம்மா, என்னோட லீவெல்லாம் போகப் போகுது. எடுக்கலைன்னா அழிச்சிருவாங்களாம்.”

“அப்ப எடு. என்னத்துக்கு வெச்சுக்கிட்டு இருக்கற?”

“கல்யாணத்துக்கா இருக்குமுங்க” என்று செல்வி அக்கா எடுத்துக் கொடுத்தார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். போனில் இப்போது முழு முகமும் வந்தது.

“எனக்கா? எத்தன நாளு வெச்சிருக்கற?”

“இருவத்தாறு.”

“இருவத்தாறா!” அம்மாவுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. “கேட்டியா செல்வி, இருவத்தாறு நாளாம் எனக்கு!” பிறகு யோசித்தாள். “நொம்ப அதிகமில்ல கண்ணு? அடக்கத்துக்கு ஒண்ணு, செபத்துக்கு ஒண்ணு, வந்தவங்களுக்குக் காப்பித்தண்ணி குடுக்க ரெண்டு. மிச்சத்துல என்ன பண்ணுவ? குழிகிட்டயே குந்தியிருப்பியா?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நானும் வெச்சிருக்கறேன் சாமி.”

“என்ன வெச்சிருக்கற?”

“நீ எடுத்துக் குடுத்தியே, அந்தப் பட்டு. உங்கப்பா அந்தச் சட்டையில மாப்பிள்ளையாட்டம் போனாரில்ல. அதப் பாத்ததும் எனக்கும் ஆச வந்துருச்சு. வேட்டித்துணியில சுத்தி டிரங்குப் பொட்டிக்கு அடியில வெச்சிருக்கறேன். செல்விகிட்டயும் சொல்லியாச்சு.”

“ஆமாங் கண்ணு” என்றார் செல்வி அக்கா. “ஜாக்கெட்டும் தெச்சாச்சு. அப்ப மெலிஞ்சிருந்தா புடிச்சுத் தெக்கறதுக்கு ஊசி நூலு எங்கிட்ட ரெடி. நீ பயப்படாத, இதுல அட்ட கிட்ட ஒண்ணும் இல்ல.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் புரிந்தது. தன்னிடம் இருப்பதிலேயே நல்ல சேலையை அவள் ஒரு நாளுக்காக மடித்து வைத்திருக்கிறாள். என்னிடம் இருப்பதிலேயே நல்ல நாட்களை நானும் அதே நாளுக்காக மடித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவளால் இரண்டையும் பார்க்க முடியாது.

“சேலைய எடுத்துக் கட்டு. நான் வர்றேன்” என்றேன்.

“நீ மொதல்ல வா. நாங் கட்டறேன். ஆனா கட்டிக்கிட்டு எங்க போறது? பட்டக் கட்டிக்கிட்டு காப்பி பறிச்சா கங்காணி சிரிக்கமாட்டானா?”

“எங்க போகணும்னு உனக்கு ஆச?”

அம்மா செல்வி அக்காவைப் பார்த்தாள், களத்தைப் பார்த்தாள், பிறகு சின்னக் குரலில் சொன்னாள்: “போட்டு.”

ஏற்காட்டு ஏரியின் படகைச் சொல்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாராவாரம் சந்தைக்குப் போகும்போது அந்த ஏரியைச் சுற்றித்தான் நடக்கிறாள். ஒரு நாளும் படகில் ஏறியதில்லை. அது டூரிஸ்ட்டுகளுக்கு என்று எங்கள் ஆட்களாகவே முடிவு செய்து வைத்திருந்தோம். யாரும் எங்களைத் தடுத்ததில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

எனக்கு இன்னும் ஒரு பயம் மிச்சம் இருந்தது. கேட்டே விட்டேன். “அம்மா, இப்ப வந்து எல்லா லீவையும் தீத்துட்டா, அப்புறம் உனக்கு ஏதாவது ஒண்ணு ஆனா என்னால வர முடியாது. உங்கப்பாவுக்குந்தான் வரல, உங்கம்மாவுக்கும் வரலையான்னு நாளைக்கு ஊரு கேக்கும்.”

அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. “அப்ப வந்தீன்னா ஊரு பாக்கும். இப்ப வந்தீன்னா நாம் பாப்பேன். நீ ஆருக்கு லீவு போடற, எனக்கா, ஊருக்கா?”

அன்றைக்கே விண்ணப்பித்தேன். காரணம் கேட்ட கட்டத்தில் ‘தாயாருடன் படகு சவாரி’ என்று எழுதினேன். கிளேர் இரண்டே நிமிடத்தில் அனுமதித்துவிட்டார்.

6

ஊருக்கு வந்த பிறகும் படகில் ஏறுவது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் வாரம், பட்டு கசங்கிவிடும் என்றாள் அம்மா. இரண்டாம் வாரம், பனி மூடியிருக்கிறது என்றாள். நாங்கள் என்ன விமானமா ஓட்டப் போகிறோம்? மூன்றாம் வாரம் செல்வி அக்கா டிரங்குப் பெட்டியைத் தானே திறந்து, “நீங்க கட்டறீங்களா, இல்ல நாங் கட்டிக்கிட்டுப் போகட்டுமா?” என்று சேலையை உதறினார். அம்மா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

ஏரிக்குப் பக்கத்தில், ஒண்டிக்கடை நிறுத்தத்தில் மினி பஸ்ஸை விட்டு இறங்கியதும், பழக்கடைக்காரர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க, ஆரு ஊட்டு விசேசமுங்க?”

“எங்கூட்டு விசேசந்தானுங்க. நாஞ் சாகறப்பக் கட்டறதுக்கு வெச்சிருந்தது. பொறுக்க முடியாம இப்பவே கட்டிட்டேன்.”

பழக்கடைக்காரர் கையில் வாழைச் சீப்போடு அப்படியே நின்றார்.

மிதி படகில் முன்னால் அம்மாவும் நானும், பின்னால் வீடியோ எடுக்கச் செல்வி அக்கா. பாதுகாப்புச் சட்டை போட்டால்தான் விடுவேன் என்றார் படகுத்துறை ஆள். பட்டை மறைக்கும் அந்த ஆரஞ்சுச் சட்டையை அம்மா விரோதமாகப் பார்த்தாள். அதை மாட்டி, அதன் மேல் முந்தானையை எடுத்து விரித்துவிட்டு, “இப்ப எடு செல்வி” என்றாள்.

மலை ஏறி இறங்கிய கால்கள் அவளுக்கு. நானோ நாற்காலியில் உட்கார்ந்து ஈரம் பார்ப்பவன். அவள் மிதித்த மிதியில் படகு என் பக்கமாகவே திரும்பி வட்டமடித்தது. “மிதிடா! ஊரான் பால் பவுடரத் தின்னு என்னத்த வளந்த?” பக்கத்துப் படகில் இருந்த புதுமணத் தம்பதி செல்ஃபி எடுப்பதை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

ஏரி நடுவில் அம்மா காலை நிறுத்தினாள். கரையில் வளைந்து போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த வளவுலதான் நான் சொமைய எறக்கி வெச்சு மூச்சு வாங்குவேன். அங்கிருந்து இந்தப் போட்டப் பாப்பேன். இங்கிருந்து பாத்தா அந்த ரோடு நல்லாத்தான் இருக்குது சாமி.” யாரோ ஒரு பெண் பையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். அம்மா கையை ஆட்டினாள். அந்தப் பெண் திரும்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

கரைக்குத் திரும்பும்போதுதான் அது நடந்தது. சேலைக் கரை மிதிகட்டையில் மாட்டிக்கொண்டது. குனிந்து மெதுவாக எடுத்தேன். மயில்கழுத்துப் பட்டில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக கிரீஸ். செல்வி அக்கா வீடியோவை நிறுத்திவிட்டார். அம்மா விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கறை இன்னும் பரவியது.

“செரி. இது இனி அதுக்கு ஆகாது” என்றாள். பிறகு கரையைப் பார்த்தாள். “டைம் முடிஞ்சிருச்சா? இன்னொரு ரவுண்டு போலாமா?”

7

மார்ச் இரண்டாம் வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன். திரையில் விடுப்பு மிச்சம் பூஜ்யம் என்று காட்டியது. அதைப் பார்த்தபோது பயம் வந்ததை மறைக்கமாட்டேன். உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். “ஏப்ரல் ஒண்ணாந்தேதிதான் புது லீவு வரும். அது வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.”

“செரி, பொறுத்துக்கறேன்” என்றாள், ஏதோ மளிகைச் சாமான் வரத் தாமதமாகும் என்று கேட்டதுபோல.

பொறுத்துக்கொண்டாள். இதற்கிடையில் குமரேசன் அண்ணன் வீட்டில் சண்டை முற்றி, பதினெட்டையும் பதினொன்றையும் ஒன்றாகப் போட்டுக் கோடையில் மூவரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யாழினி என்னைக் கேட்டாள். அது இந்நேரம் குட்டியாக இருக்காது என்பதை நான் சொல்லவில்லை. நானும் என் பங்குக்கு, நல்ல நாளில் பிரிக்கலாம் என்று நான்கு வருடமாக வைத்திருந்த அம்மாவின் காப்பித்தூளைப் பிரித்தேன். மக்கின வாசனை. ஆனாலும் குடித்தேன்.

ஏப்ரல் முதல் தேதி இடைவேளையில் போன் வந்தது. வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன்.

“லீவு வந்துருச்சா சாமி?”

“வந்துருச்சு. ஏம்மா, உடம்புக்கு ஏதாவது...”

“உடம்புக்கு என்ன கேடு? ஒகேனக்கல்லுல பரிசலு இருக்குதாமே, தண்ணிக்கு நடுவால வட்டமாச் சுத்துமாமே. செல்வி சொல்றா. அந்தச் சேலையவே கட்டிக்கிட்டு வந்தர்றேன். அதுக்கு இனிமே என்ன பயம்? சாகறதுக்கு நீ வேற எடுத்துக் குடு.”

“அதையும் மடிச்சு வெச்சுக்குவியா?”

“அது வாங்குன அன்னிக்கே கட்டிருவேன். பொறவு வேற எடு. நீ எடுத்துக்கிட்டே இரு, நானும் கட்டிக்கிட்டே இருக்கறேன்.”

போனை வைத்துவிட்டு விண்ணப்பத்தைத் திறந்தேன். பத்து நாள் போட்டேன். காரணம் கேட்கும் கட்டத்தில் இப்போதும் கட்டாயமில்லை என்றுதான் எழுதியிருந்தது. ‘தாயாருடன் பரிசல்’ என்று எழுதினேன்.